பிணமாகப் படுத்திருந்த மத்தியானம்

கண்ணை மூடித் தரையில் கிடந்தபோது அந்தக் காலடிச் சத்தம் கேட்டது.

செந்தில் போட்டிருந்தது கனமான கறுப்பு ஷூ. சிமெண்ட் தரையில் அது டக் டக்கென்று வரும். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப் போயிருந்தது. இது அது இல்லை. இது வெறுங்கால். பதிந்து, லேசாக இழுபட்டு, மறுபடி பதிகிற வெறுங்கால். செந்தில் வரவேண்டிய வாசலிலிருந்தும் வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அந்தக் காட்சியில் நான் பிணம். ஒருக்களித்துப் படுத்து, முகத்தில் முடி விழுந்து கிடந்தேன். கன்னத்துக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. அந்தத் தரையில் ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த இரும்பும் கந்தகமும் கலந்த மாதிரி.

காலடிச் சத்தம் என் பாதத்தருகே நின்றது. யாரோ உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது கேட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரத்துச் சங்கதி வேறு. இதை நான் இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

மூச்சு விட்ட அம்மா

எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. பழைய குற்ற நாவல்களையும், அவற்றை வைத்து எடுத்த படங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விருதுநகர்க் கல்லூரியில் கொலைக்கதை படிக்கவா பிள்ளையை அனுப்பினோம் என்று சில வீடுகளில் பேச்சு வந்தது. எங்களுக்கு அதனாலேயே அந்த வகுப்பு பிடித்தது.

நடத்தியவர் ஞானதுரை சார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஜன்னல்களுக்குப் பச்சைத் துணி கட்டி, வகுப்பை இருட்டாக்கிப் படம் போடுவார். ஃபேன் போட்டால் துணி பறந்து வெயில் உள்ளே வந்துவிடும் என்பதால் ஃபேன் கிடையாது. வியர்வையும், புரொஜெக்டர் சூடாகிற வாசனையும், திரையில் பழைய கறுப்பு வெள்ளை மாளிகைகளும். இன்றைக்கும் மின்சாரம் போய் அறை புழுங்கினால் எனக்கு ஏதோ கொலை நடக்கப் போகிறதென்றுதான் தோன்றும்.

சாருடைய முறை எளிது. முதலில் நாவலின் அத்தியாயம். பிறகு படத்தில் அதே இடம். ஒன்றில் இருப்பது, மற்றதில் இல்லாதது எது என்று கேட்பார். அதுதான் அன்றைய பாடம்.

ஒரு நாள் ஒரு படத்தை நடுவில் நிறுத்தினார். கம்பளத்தின் மேல் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். சுற்றிலும் கோட்டுப் போட்ட ஆண்கள்.

“கழுத்த மட்டும் பாருங்க” என்றார். கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்டினார். கழுத்துக் குழி மெல்ல ஏறி இறங்கியது.

“மூச்சு விடுறாக.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“எழுத்தாளருக்கு ஒரு பொணம் வேணும்னா செத்துக் கெடந்தாள்னு எழுதினாப் போதும். படம் எடுக்கவனுக்கு அப்பிடி முடியாது. உசுரோட இருக்க ஒரு ஆள் வந்து படுக்கணும். அந்தம்மா அன்னைக்கு வீட்டுல காப்பி குடிச்சிட்டு வந்திருப்பாக.”

அன்று வீட்டுக்குப் போய் அந்த நாவலை மறுபடி புரட்டினேன். புத்தகம் முழுக்க எல்லாரும் கத்தியைப் பற்றிப் பேசினார்கள். பூட்டைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றிப் பேசினார்கள். இறந்தவளுக்காக ஒருவர்கூட அழவில்லை. மறுநாள் வகுப்பில் இதைக் கேட்டேன்.

“அழுதா கதை நின்னுரும்மா” என்றார் சார்.

கனகாவின் யோசனை

பருவத் தேர்வுக்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தார். குழுவாகச் சேர்ந்து, படித்த நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்து, போனிலேயே சின்னப் படமாக எடுத்து வர வேண்டும்.

எங்கள் குழுவில் கனகாதான் எல்லாம். சிவகாசிப் பக்கத்துப் பெண். பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்போம். நாவலில், ஒரு பெரிய வீட்டின் சாமான் அறையில் வேலைக்காரப் பெண் இறந்து கிடப்பாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து தீக்குச்சி கிழித்துப் பார்ப்பார். அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டோம்.

“இங்க யாரு வீட்டுல கம்பளம் இருக்கு? பட்டாசுக் கம்பெனியில நடக்க மாதிரி மாத்திருவோம்” என்றாள் கனகா. அவளுடைய சித்தப்பா தர்மராஜ், எம். புதுப்பட்டி போகிற வழியில் மூடிக் கிடந்த ஒரு பட்டாசு ஆலைக்குக் காவல் இருந்தார். முன்பு அங்கேயே போர்மேனாக இருந்தவர்.

செந்தில் இன்ஸ்பெக்டர். வசனம் பேசினால் எனக்கு நாக்குக் குழறும் என்பதால் நான் பிணம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா நர்ஸ். தீபாவளிக்கு முந்திய மாதங்களில், பட்டாசு வேலை மும்முரமாக நடக்கும்போது, அம்மாவின் போன் அடித்தாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அப்படிச் சில நாள்களில் அம்மா டியூட்டி முடிந்து வந்து, யாரிடமும் பேசாமல் குளித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். எதைப் பார்த்துவிட்டு வந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.

“கண்ண மூடிப் படுத்துக் கெடக்கதுக்கு எம்.ஏ. படிப்பாக்கும்?” என்றார் முதலில். பிறகு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “கையி நேரா இருக்கக் கூடாது பியூலா. விரல் கொஞ்சம் உள்ள மடங்கி இருக்கும். வாயி லேசாத் தெறந்திருக்கும்” என்றார். சொல்லிவிட்டு நறுக்குவதை நிறுத்தினார். “எந்தக் கம்பெனி?” என்று கேட்டார்.

சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல், “பகல்லயே முடிச்சிட்டு வந்துருங்க” என்று மட்டும் சொன்னார்.

வேப்பமரத்து அறைகள்

பட்டாசு ஆலையைப் பார்க்காதவர்களுக்கு: அது ஒரே கட்டடமாக இருக்காது. வேப்பமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றில் ஏதாவது நடந்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக. ஓடித் தப்பிக்க எதிரெதிரே கதவுகள்.

அங்கே ஒரு விபத்து நடந்து, ஆலை மூடப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசி வரிசையில் ஒரு அறை இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும் தெரிந்தது. அதற்குள் எருக்கு முளைத்திருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நன்றாக நின்றுகொண்டிருந்த ஒரு முன்வரிசை அறையைச் சித்தப்பா திறந்துவிட்டார்.

“எல்லாம் தண்ணி ஊத்திக் கழுவியாச்சு. இருந்தாலும் தீப்பெட்டி கீப்பெட்டி எடுக்கப்படாது. சொல்லிட்டேன்” என்றார். இன்ஸ்பெக்டர் தீக்குச்சிக்குப் பதில் போன் டார்ச் அடிப்பதாக அங்கேயே மாற்றினோம்.

இறந்த பெண் இப்போது ஆலைத் தொழிலாளி. எனக்கு நைந்த சேலை கட்டி, வேலைக்குப் போகும் பெண்கள் போடுவதுபோல் மேலே ஒரு ஆம்பளைச் சட்டை மாட்டினாள் கனகா. பட்டாசு மருந்து ஒட்டிய கைபோலத் தெரிய, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய வெள்ளிச் சாயத்தை என் விரல்களில் பூசினாள். முடித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஊரில் எல்லாப் பெண்களின் கையும் அப்படித்தான் இருக்கும்.

காலையிலிருந்து எடுத்தோம். செந்தில் ஒவ்வொரு தடவையும் வசனத்தைக் கோட்டைவிட்டான்.

“ஏலே, பொணத்தப் பாத்துச் சிரிக்காதலே” என்று கனகா திட்டுவாள். நான் எழுந்து உட்கார்ந்து சிரிப்பேன். தண்ணீர் குடிப்பேன். மறுபடி படுப்பேன். இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை.

அப்போதுதான் அந்த வெறுங்கால் சத்தம்.

தொட்ட கை

ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கனகா நிறுத்தச் சொல்லவில்லை. ஆகவே அசையாமல் கிடந்தேன்.

ஒரு கை என் கணுக்காலைத் தொட்டது. காய்ப்புக் காய்ச்சிய கை. விறகுப் புகையும் ஆட்டு வாடையும் வந்தது. அந்தக் கை மெதுவாகப் பாதம் முழுவதையும் தடவியது. விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தது.

“இங்கனயா கெடக்க, தாயி” என்றது ஒரு குரல்.

அழுகிற குரல் இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் பேசுகிற குரல்.

“எம்புட்டு நாளாத் தேடுறேன் மகேசு. ஒவ்வொரு ரூமாப் பாத்துட்டேன்.”

எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதே நொடியில், எழுந்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. இறந்து கிடக்கும் மகள் எழுந்து உட்கார்ந்தால் அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்?

வாசல் பக்கமிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. மிகவும் தணிந்த குரல்.

“எந்திரிக்காத பாப்பா. அப்பிடியே கெட.”

கிடந்தேன்.

அந்த அம்மா என்னைத் தோளில் பிடித்து மல்லாக்கத் திருப்பினார். உடம்பை விட்டுக்கொடுத்தேன். என் தலை தரையில் இடித்துவிடாமல் உள்ளங்கையை அடியில் கொடுத்து இறக்கினார். முகத்தில் கிடந்த முடியை ஒதுக்கினார். தன் சேலை முந்தியை எச்சிலில் நனைத்து, என் விரல்களிலிருந்த வெள்ளியை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு துணி கிழிகிற சத்தம் கேட்டது. என் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து இறுகக் கட்டினார்.

அது என்ன கட்டு என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். அது என் காலில் விழுந்தபோது, நான் நடிக்கிறேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. கால் என்னுடையதாக இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். என் நெஞ்சில் தலையை வைத்து அழுதார். கண்ணீர் என் கழுத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது. மூச்சை எவ்வளவு அடக்கியும் நெஞ்சு ஏறி இறங்கியது. அவர் தலையும் அதோடு ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கனகா எங்கேயோ விசும்பினாள்.

பிறகு அழுகை நின்றது. மூக்கைச் சிந்தும் சத்தம். எழுந்து நின்றார்.

“எடுத்துருங்க” என்றார், யாரிடமோ.

வெறுங்கால் சத்தம் வந்த வழியே போனது.

அஸ்திவாரத்துக் கதை

எனக்கு எழுந்து உட்காரத் தெரியவில்லை. செந்தில்தான் கையைக் கொடுத்துத் தூக்கினான். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கனகா பல்லால் கடித்து இழுத்தாள்.

சித்தப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். அந்த அம்மாவின் பெயர் சுப்புத்தாய். மகள் மகேஸ்வரி அந்தக் கடைசி வரிசை அறையில் வேலை பார்த்தவள். விபத்து நடந்த அன்று அந்த அறையில் இருந்த பெண்களில் யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை.

“துணியில பொதிஞ்சு, இதான் ஒங்க புள்ளைனு குடுத்தாக. இந்தம்மா பிரிச்சுப் பாக்கணும்னாக. விடல. அப்ப இது எம் புள்ள இல்லைன்னுட்டாக. ஒரு சொட்டு அழல. கருமாதியும் செய்யல. ஆடு மேய்க்க இங்கன வருவாக, ரூம் ரூமா எட்டிப் பாப்பாக. நானும் ஒண்ணும் சொல்லுறதில்ல.”

“என்ன ஏன் சித்தப்பா எந்திரிக்க விடல?” என்று கேட்டேன்.

“அவுக அழுது நான் பாத்ததில்ல தாயி” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தீட்டு, தோஷம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். அன்று என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், உடுத்தியிருந்த துணியோடு உட்காரவைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. துவட்டும்போது என் கட்டைவிரல்களில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்தார். எண்ணெய் எடுத்து வந்து தேய்த்துவிட்டார். எவ்வளவு தேய்த்தும் பல நாள்கள் என் இரண்டு கால்களும் ஒன்றாகவே கிடப்பதுபோல இருந்தது. மாடிப்படி இறங்கும்போது பயமாக இருந்தது.

கதவு இடுக்கில்

போனில் பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்த அம்மா வந்ததும் கனகா அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். படம் இல்லை, சத்தம் மட்டும் முழுதாகப் பதிவாகியிருந்தது.

“அந்த அழுகைய மட்டும் பின்னாடி சேத்தா, மொத மார்க் நமக்குத்தான்” என்றான் செந்தில்.

“அது நம்ம படம் இல்லலே” என்றாள் கனகா. எங்கள் இருவருக்கும் காட்டி அதை அழித்தாள். அந்த அம்மா வருவதற்கு முன்னால் எடுத்ததில் சுமாராக இருந்த ஒன்றைக் கொடுத்தோம்.

வகுப்பில் அது ஓடியது. பச்சைத் துணி, புழுக்கம், திரையில் நான். இன்ஸ்பெக்டர் டார்ச் அடிக்கிறார். சார் திடீரென்று நிறுத்தினார்.

“கனகா, பின்னால கதவுல யாரு?”

“யாரும் இல்ல சார். அது வெளிச்சம்.”

சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். என் உருவத்துக்குப் பின்னால், பாதி சாத்திய கதவின் இடுக்கில் விரலை வைத்தார். “இது சேலை. இது கை” என்றார்.

போனின் சின்னத் திரையில் நாங்கள் பார்க்காதது அங்கே அவ்வளவு பெரிதாக நின்றது. கதவைப் பிடித்தபடி ஒரு கை. கொஞ்சம் மேலே, இருட்டில், ஒரு முகம்.

வகுப்பில் யாரோ பயந்து சிரித்தார்கள். கனகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் நகம் பதிந்தது.

மதிய இடைவேளையில் மீதி எல்லாப் பதிவுகளையும் அதே திரையில் போட்டுப் பார்த்தோம். காலையிலிருந்து எல்லாவற்றிலும் அவர் இருந்தார். அதே இடுக்கில், அதே கை. ஒன்றில் நான் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, செந்திலைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறேன். பின்னால் அவர் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மறுபடி நான் செத்துப் போகிறேன். அதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த மத்தியானம் தரையில் கிடந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. நான் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வந்து என் காலைக் கட்டியிருக்கிறார்.

கருமாதி வீடு

சில நாள் கழித்துக் கனகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சுப்புத்தாய் வீட்டில் மகளுக்குக் கருமாதி வைத்திருக்கிறார்களாம். ஊரே ஆச்சரியப்படுகிறதாம். பதினாறாம் நாளை, நான் அங்கே படுத்திருந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள்.

“வரச் சொன்னாகளா?”

“சித்தப்பாகிட்ட, அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வாங்கன்னாகளாம்.”

என்னால் தனியாகப் போக முடியாது. அம்மாவிடம் கேட்டேன். போகாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “நானும் வாறேன்” என்றார்.

சின்ன வீடு. வாசலில் பந்தல். உள்ளே சுவரில் சாய்த்து வைத்த போட்டோவுக்கு மாலை. மகேஸ்வரியை அப்போதுதான் பார்த்தேன். வட்ட முகம், நெற்றியில் சின்னத் தழும்பு. என் சாயல் துளியும் இல்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வேறு என்னவோ மாதிரியும் இருந்தது.

சுப்புத்தாயை அன்றுதான் நேராகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இளையவர். அம்மாவின் வயதுதான் இருக்கும்.

“வாங்க, உக்காருங்க” என்றார் அம்மாவிடம். “இது ஒங்க மகளா?”

“ஆமா.”

“ஒரு மத்தியானத்துக்கு எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்கிடாதீக.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ்கள் நாடி பார்க்கப் பிடிக்கிற மாதிரித்தான் அம்மா எல்லாரையும் பிடிப்பார்.

“கதவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார் சுப்புத்தாய், என்னைப் பார்க்காமல். “நீ எந்திரிச்ச, சிரிச்ச. எல்லாம் தெரியும். தொட்டப்பயும் சூடா இருந்த. எம் புள்ளைய என்னத் தொட விடல. தொட்டு அழணும்னு அம்புட்டு நாளாக் கெடந்தேன். நீ பாட்டுக்குப் படுத்துக் கெடந்தியா, போயித் தொட்டுட்டேன்.”

“பரவால்ல அத்தை” என்றேன். எங்கிருந்து அந்த ‘அத்தை’ வந்ததென்று தெரியாது.

இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். அவரே வந்து எனக்குக் குழம்பு ஊற்றினார்.

“ஒம் பேரு என்ன தாயி?”

“பியூலா.”

“பூலாவா?”

“பியூலா.”

வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். சரியாக வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.

கருமாதி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை கழுவிவிட்டு, நானும் அம்மாவும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலைத் தாண்டி நடந்தோம். தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போயிருப்போம்.

“பியூலா” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

துக்க வீட்டிலிருந்து போகிறவர்களை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். தெருவில் நின்றவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் பிடி என் கையில் இறுகியது. திரும்பாதே என்கிற மாதிரி இருந்தது அது. நான் திரும்பிப் பார்த்தேன்.

சுப்புத்தாய் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

“ஒண்ணுமில்ல தாயி” என்றார். “கூப்பிட்டா நீயாச்சும் திரும்பிப் பாக்கியான்னு பாத்தேன். போயிட்டு வா.”